அண்ணன் பேரில் ஒரு கை

மோகன்குமார் செத்து நாற்பது நாள் தாண்டியும் தம்பி சிவசங்கரின் வலது கையை விட்டபாடில்லை. வலை இழுத்தாலும் சோறு பிசைந்தாலும் முழங்கைக்குக் கீழே அண்ணன் பிடி இறுகும். "வாயத் தொறக்காதடா"ன்னு காதோரம் அதே குரல்.

என்ன பெரிய ரகசியம்! மாசியில் லைட்ஹவுஸ் குப்பம் பள்ளிக்கூடத்தில் ரத்தக்குழாய் பரிசோதனை முகாம் போட்டார்கள். அன்றைக்கென்று பார்த்து ஏரியில் அண்ணனுக்குப் பாடு, அதாவது வலை போடும் முறை. முறை தவறினால் மறுபடி வலை போட வாரக்கணக்கில் காத்திருக்கணும். "எம்பேரச் சொல்லி நீ போயி கையக் காட்டிட்டு வாடா. ஜமுனாகிட்ட மூச்சு விடாத, நச்சரிச்சே கொன்னுடுவா." இந்தப் புத்திகெட்டவனும் போய்ப் படுத்தான். குழாய் நன்றாக விரிகிறது என்று அண்ணன் பேரில் சீட்டு வந்தது.

சித்திரையில் அண்ணனுக்கு மார் வலித்தது. அண்ணி ஜமுனா ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவே கூப்பிட்டுவிட்டாள். அவரோ சீட்டை ஆட்டிச் சிரித்தார். "டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்க. இது சூட்டு வலிடி." அவள் நம்பி ஆட்டோவை அனுப்பினாள். சிவசங்கர் எல்லாம் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றான். மறுநாள் படகிலேயே அண்ணன் சுருண்டு விழுந்தார்.

இன்றைக்கு முகாம்காரர்கள் திரும்ப வந்திருந்தார்கள். ஜமுனா கொழுந்தனை இழுத்துப்போய் நர்ஸ் கீதாவின் மேசைமேல் சீட்டைப் போட்டாள்.

"நல்லா கீதுன்னு எழுதினீங்களே, எம்புருசன் எப்பிடி செத்தாரு? இவன் அவரு தம்பி. இவனுக்காவது ஒழுங்கா பாருங்க."

கீதா அவனைப் படுக்கவைத்து, மேல்கையில் ஸ்கேன் கருவியை வைத்து, முன்கையில் பட்டை கட்டிக் காற்றடித்தாள். "அஞ்சு நிமிஷம் ரத்தத்த நிறுத்துவோம். தளர்த்துனா பாஞ்சு வரும். குழாயோட உள்தோல் அத உணர்ந்து ஒரு வாயுவ விடும், குழாய் விரியும். உள்தோல் கெட்டிருந்தா சரியா விரியாது."

சிவசங்கருக்கு ஒன்றும் ஏறவில்லை. விரல்கள் மரத்துப்போயின. பிடித்திருந்தது பட்டையா? அண்ணனின் அஞ்சு விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. அடப்பாவி, செத்தும் விடமாட்டியா என்று அழுகை முட்டியது.

பட்டை தளர்ந்தது. சுடுதண்ணி ஊற்றினமாதிரி கை கொதித்தது. ஸ்கேன் திரையில் கருப்புக் குழாய் மெல்ல அகன்றது.

"அவருக்கும் இப்பிடித்தான் விரிஞ்சுதா?" என்றாள் ஜமுனா.

கீதா பழைய அளவைப் பார்த்தாள். "ஆமாம்மா. இதே மாதிரிதான்."

"அப்ப நான் ஆட்டோவ அனுப்புனது தப்பில்ல, இல்ல?" என்றாள். "தெனம் அதையே நெனச்சு சாவறேன்."

வாயத் தொறக்காதடா என்றது காதோரக் குரல். சிவசங்கர் எழுந்து உட்கார்ந்தான்.

"தப்பு உன்னுதில்ல அண்ணி. அன்னிக்கும் விரிஞ்சது என் கைதான். அவரு இங்க வரவேயில்ல."

ஜமுனா மேசைமேல் கிடந்த சீட்டை எடுத்துப் பார்த்தாள்.

"ஆட்டோ போவசொல்லோ நீ வாசல்லதானடா நின்னுனு இருந்த?"

"ஆமா அண்ணி."

"ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? கையக் கால கட்டியாவது ஏத்திகினு போயிருப்பேனே!"