வானத்தில் போட்ட ஊர்க்கட்டு

காப்பிப் பழம் நல்ல விலைக்குப் போன அந்த மார்கழியில், ஏற்காட்டிலிருந்து செம்மநத்தத்துக்குக் கிளம்பிய மதிய நேர மினி பஸ் வளைவில் திரும்பாமல் வானத்துக்குப் போய்விட்டது. டிரைவர் கோகுல்மீது தப்பில்லை. ஸ்டியரிங்கை அவர் சரியாகத்தான் ஒடித்தார், முன்சக்கரமும் திரும்பியது, ரோடுதான் கூட வரவில்லை. முதலில் பனிமூட்டம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஏற்காட்டு ஏரிக்கரையில் பஜ்ஜிக் கடை போட்டிருக்கும் சரஸ்வதி, செம்மநத்தத்தில் ஒரு சீருக்குப் போய்க்கொண்டிருந்தவர், "ஏனுங்க கண்டக்டர், குப்பனூர் வழியா சுத்திப் போறீங்களா?" என்று கேட்டார். கண்டக்டர் தங்கராஜ் படியில் நின்று கீழே பார்த்தார். ஏரி ஒரு எவர்சில்வர் தட்டு அளவில் கிடந்தது. சேர்வராயன் கோயில் இருக்கும் மொட்டை மலையும் கீழே போய், சேலமும் மேட்டூர் அணைத் தண்ணீரும் ஒரே பார்வைக்குள் வந்தன. அவர் விசில் ஊதிப் பார்த்தார், பஸ் நிற்கவில்லை.

மேலே கொண்டுபோனவர்களின் கப்பல் காப்பி காயவைக்கும் களம்போலத் தட்டையாக, ஓரச்சுவர் இல்லாமல் இருந்தது. நடுவில் பஸ்ஸை இறக்கிவைத்துவிட்டு அவர்கள் சுற்றி நின்றார்கள். அவர்களுடைய பெயர் யாருக்கும் தெரியாது. செம்மநத்தத்தில் இன்றும் நெட்டையர் என்றுதான் சொல்கிறார்கள். சில்வர் ஓக் மரத்தில் பாதி உயரம், முகம் இருக்க வேண்டிய இடத்தில் மங்கலான ஒரு வெளிச்சம். சேலத்து எஃப்.எம். ரேடியோவைக் கேட்டுத் தமிழ் கற்றிருந்தார்கள். அதனால் மிரட்டலைக்கூட நகைக்கடைத் தள்ளுபடியை அறிவிப்பதுபோல் சொன்னார்கள். வந்ததும் வராததுமாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். பலாவுக்கு எத்தனை கொட்டை, மழைக்கு யார் சொல்லி அனுப்புகிறார்கள், கொட்டாவி ஏன் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது. பயத்தில் எல்லாரும் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள். சரஸ்வதி கேட்காததற்கும் சேர்த்துச் சொன்னார்.

பஸ்ஸின் முன் சீட்டில் கௌரி இருந்தாள், நிறைமாதம். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்க, ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு அம்மா அத்தாயியோடு திரும்பிக்கொண்டிருந்தாள். தை பிறந்துதான் பிரசவம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆனால் மேலே ஏறிய வேகத்தில் வலி கண்டுவிட்டது. அதைப் பார்த்ததும் நெட்டையரில் பெரியவன் பஸ் படிக்கட்டின் அருகே வந்து குனிந்தான். "அன்பான நேயர்களே, எங்கள் தளத்தில் பிறப்பது எங்களுக்கே சொந்தம். குழந்தை பிறந்ததும் எங்களிடம் கொடுத்துவிட்டு நீங்கள் அனைவரும் மகிழ்ச்சியாக வீடு திரும்பலாம்," என்றான். கௌரி ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் ஜன்னல் கம்பியையும் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் கொஞ்ச நேரம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லார் வீட்டிலும் யாராவது ஒருவர் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு பிள்ளைதானே என்ற நினைப்பு சிலருக்கு வந்தது உண்மை. அப்படி நினைத்தவர்கள் பிற்பாடு அதை ஒப்புக்கொள்ளவும் செய்தார்கள்.

கடைசி சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தவன் அத்தாயியின் மகன், கௌரியின் அண்ணன் அங்கப்பன். அவன்மீது மூன்று வருஷமாக ஊர்க்கட்டு இருந்தது. காட்டெருமை வந்து மிளகுக் கொடியை மிதிக்கிறது என்று தன் தோட்டத்தைச் சுற்றி வேலி போட்டான். வேலி சுடுகாட்டுப் பாதைக்குக் குறுக்கே விழுந்தது. கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லி ஊர் கேட்டது, அவன் வீம்பு பிடித்தான். அடைமழையில் ஒரு பிணத்தைப் பள்ளத்தில் இறக்கிச் சுமக்க வேண்டிவந்த அன்று அவனுக்குக் கட்டுப் போட்டார்கள். கட்டுப் போட்டால் அந்த ஆளோடு யாரும் பேசக்கூடாது, அடுப்புக்கு நெருப்புக் கொடுக்கக்கூடாது, தாகம் என்றால் தண்ணீர் கொடுக்கக்கூடாது. அவன் எதிரிலேயே மற்றவர்கள் பேசலாம், சிரிக்கலாம். அவனைப் பார்த்துப் பேசக்கூடாது. என்னைக் கேட்டால் நாலு அடி அடிப்பது மேல். பெற்ற தாய் அத்தாயியே மகன் எதிரில் வந்தால் காப்பிச் செடியைப் பார்த்துக்கொண்டு போனாள். கட்டை மீறினால் கட்டுக்கு மதிப்பில்லை என்று அவள் நினைத்தாள். வீட்டுக்குள் போய் அழுததைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அந்த மூன்று வருஷமும் அவன் காதில் நேராக விழுந்த மனிதக் குரல் கண்டக்டர் தங்கராஜுடையது மட்டுந்தான். தங்கராஜ் தினமும், "செம்மநத்தமுங்களா?" என்று கேட்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அங்கப்பன் வேலையில்லாத நாளிலும் பஸ் ஏறுவான்.

அவன்தான் முதலில் கவனித்தான். சரஸ்வதி பதில் சொல்லும்போதெல்லாம் நெட்டையரின் முகவெளிச்சம் ஏறியது, அவர் மூச்சு வாங்க நிறுத்தினால் மங்கியது. உடனே அடுத்த கேள்வி வந்தது. அவன் எழுந்து தங்கராஜின் தோளைத் தொட்டான்.

"அண்ணா, அவங்களுக்குப் பசிக்குதுங்க. நாம பேசற பேச்சுதான் அவங்களுக்குச் சோறு. அவங்களப் பாத்துப் பேசலைன்னா வாடிப் போயிருவாங்க. எனக்குத் தெரியுமுங்க. மூணு வருசமா நான் அந்தப் பசியிலதான் கெடக்கறேன்."

இதை அவன் சொன்ன இடத்துக்கும் அத்தாயி இருந்த இடத்துக்கும் நாலு சீட்டுத் தூரம். அவள் காதில் நன்றாகவே விழுந்தது. இருந்தாலும் தங்கராஜ் முன்னால் வந்து, விழாததுபோல் இருந்தவளுக்கு வரி விடாமல் திருப்பிச் சொன்னார். அத்தாயி மகளின் இடுப்பை நீவிக்கொண்டே யோசித்தாள். "அப்படின்னா அவங்களுக்குக் கட்டுப் போட்டுரலாமுங்க," என்றாள்.

கட்டை யார் வேண்டுமானாலும் போட்டுவிட முடியாது, ஊர்தான் போட வேண்டும். ஏழு வீட்டு ஆட்கள் கூடி உட்கார்ந்தால் அது ஊர் என்பது அந்த மலையின் கணக்கு. வேறு மண்ணில் உட்கார்ந்தாலும் ஊர்தான், அந்தக் கூட்டத்துக்குள் பிறப்பது அந்த ஊர்ப் பிள்ளைதான். பஸ்ஸில் எண்ணிப் பார்த்தார்கள். காப்பி பறித்துவிட்டுத் திரும்பிய மலர் வீட்டோடு சேர்த்து ஆறு வீடுதான் தேறியது. "என்னையச் சேத்துக்கங்க," என்றார் தங்கராஜ். "உங்க ஊடு அயோத்தியாப்பட்டணத்துல இருக்குதுங்களே," என்றாள் அத்தாயி. அதன்பிறகு வேறு வழியில்லாமல் எல்லாரும் கடைசி சீட்டைப் பார்த்தார்கள். அங்கப்பன் தனிக்குடித்தனம், தனி வீடு. அவனைச் சேர்த்தால் ஏழு. தாய் வாய் திறக்க வேண்டும் என்று மற்ற ஐந்து வீட்டாரும் காத்திருந்தார்கள். கௌரிக்கு அடுத்த வலி வந்து போனது.

"அங்கப்பா," என்றாள் அத்தாயி. "வேலி?"

"பிடுங்கிடறேம்மா. எறங்குன கையோட பிடுங்கிடறேன்."

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். சீட்டுகளுக்கு நடுவே குப்புற விழுந்து கும்பிட்டான். ஊர் அவனை எழுந்திருக்கச் சொன்னது. அத்தாயி தன் கூடையிலிருந்த பழைய கலர் பாட்டிலை எடுத்து, "குடி சாமி," என்று மகனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவன் பாதியைக் குடித்தான், மீதி கண்ணீரோடு சட்டையில் போனது. இதையெல்லாம் நெட்டையர் ஜன்னல் வழியாக, ஒன்றும் புரியாமல் ஆனால் ஒன்றையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அத்தாயி பஸ்ஸின் கூரையைப் பார்த்து, அவர்கள் பக்கம் திரும்பாமல், "இந்த ஊருக்கு வெளிய நிக்கறவங்களோட இனிமேப்பட்டுப் பேச்சில்ல, நெருப்பில்ல, தண்ணியில்ல," என்று சொல்லி முடித்தாள். ஊரில் சேராத கோகுலும் தங்கராஜும் சரஸ்வதியும் தாங்களாகவே தலையாட்டினார்கள்.

பெரியவன் கேள்வி கேட்டான், பதில் வரவில்லை. மற்ற நெட்டையரும் கேட்டார்கள். பஸ்ஸுக்குள் மிளகு விலையைப் பற்றியும், யார் வீட்டு நாய் குட்டி போட்டது என்பதைப் பற்றியும் பேச்சு நடந்தது, வெளியே பார்த்து ஒரு சொல் போகவில்லை. நெட்டையருக்கு வெளிச்சம் இறங்கியது. யாரைப் பிடித்தால் கட்டு உடையும் என்று பெரியவன் புரிந்துகொண்டான். நேராக சரஸ்வதியின் ஜன்னலுக்கு வந்து, "அன்பு நேயரே, பஜ்ஜி மாவைத் தயிர் ஊற்றித்தானே கரைக்க வேண்டும்?" என்றான். சரஸ்வதிக்கு வேர்த்தது. இருபது வருஷமாக ஏரிக்கரையில் பஜ்ஜி போடுகிறவர் கேட்கக்கூடிய பேச்சா அது. முந்தானையை வாயில் வைத்துக் கடித்தார், கண்ணை மூடினார். வெளிச்சம் ஜன்னலை ஒட்டி நின்றது. அவர் முந்தானையை எடுத்துவிட்டு, மெதுவாகப் பக்கத்துச் சீட்டுக்குத் திரும்பி, "மலரு, உலகத்துல யாராச்சும் பஜ்ஜிக்குத் தயிரு ஊத்துவாங்களா கண்ணு?" என்றார். அது மலருக்குச் சொன்னது. பெரியவனுக்கு ஒரு பருக்கைகூடக் கிடைக்கவில்லை.

பசி முற்றினால் யாருக்கும் புத்தி கெடும். நெட்டையர் பஸ்ஸைக் களத்தின் ஓரத்துக்குத் தள்ளினார்கள். ஓரத்துக்கு அப்பால் ஒன்றும் இல்லை, வெகு கீழே நீலமாக உருண்டையாக நம் உலகம் இருந்தது. கோகுல் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார், பஸ் வழுக்கியது. மலை ரோட்டில் பஸ் நின்றால் கண்டக்டர் என்ன செய்வாரோ அதைத் தங்கராஜ் செய்தார். சீட்டுக்கு அடியில் வைத்திருந்த கல்லை எடுத்துக்கொண்டு இறங்கி, நெட்டையரின் கால்களுக்கு நடுவே யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நடந்துபோய், பின்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்துவிட்டு வந்தார். சேர்வராயன் மலைக் கல் அது. அத்தனை நெட்டையரும் சேர்ந்து தள்ளியும் பஸ் அதற்குமேல் நகரவில்லை.

அந்த நிலையில்தான் குழந்தை பிறந்தது. பெண். அங்கே எல்லாருக்கும் எடை குறைந்திருந்தது, பச்சைக் குழந்தைக்கு எடையே இல்லை. தொப்புள்கொடியை அறுத்ததும் அது அத்தாயியின் வழுக்கும் கையிலிருந்து கிளம்பி, மிதந்து, கதவுப் பக்கமாகப் போனது. வெளியே நீண்ட கைகள் காத்திருந்தன. கௌரி, "அண்ணா," என்றாள். அங்கப்பன் சீட்டின்மேல் ஏறித் தாவி, படிக்கட்டுக்கு ஒரு முழம் முன்னால் குழந்தையை நெஞ்சோடு பிடித்துவிட்டான். அப்போது அது வீறிட்டு அழுதது. அந்தச் சத்தம் கேட்டு நெட்டையர் அத்தனை பேரும் முகத்தை நீட்டினார்கள். ஆனால் அது அவர்களைப் பார்த்து அழவில்லை, பாலுக்கு அழுதது. தாய்மாமன் கையிலிருந்து தாயின் மடிக்கு வந்ததும் நிறுத்திவிட்டது. வெளியே இருந்த வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தன.

கடைசியில் பெரியவன் மட்டும் சுண்டைக்காய் அளவு வெளிச்சத்தோடு படியேறி வந்தான். அங்கப்பன் செய்ததை அவன் மறக்கவில்லை. துண்டு இல்லாததால் டிரைவர் சீட்டில் தொங்கிய கோகுலின் சிவப்புத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். சீட்டுகளுக்கு நடுவே குப்புற விழுந்தான். பாதி உடம்பு உள்ளேயும் மீதி படிக்கு வெளியேயும் கிடந்தது. அங்கப்பன் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்து, மன்னிக்க உரிமையுள்ளவள் அவள்தான் என்று தங்கையிடம் கொடுத்தான். கௌரி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். கீழே கிடந்த பெரியவனை நெடுநேரம் பார்த்தாள்.

"எம் புள்ள எனக்குத்தானுங்க," என்றாள். "எந்திரிச்சுக் குடிங்க."

அவனைப் பார்த்து அவள் சொன்ன அந்த வார்த்தைகளில் கப்பல் முழுக்க விளக்கு எரிந்தது. பஸ்ஸுக்குள் ஒரு ஆரவாரம் எழுந்தது. கோகுல் காரணமில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். பஸ்ஸைப் பழைய வளைவிலேயே இறக்கிவைக்க வேண்டும், குற்றத்துக்கு ஈடாக ஊர் வேலை செய்ய வேண்டும் என்று தீர்ப்பானது. அதன்படி நெட்டையரும் கூடவே இறங்கி, அங்கப்பனோடு சேர்ந்து வேலியைக் கல்தூணோடு பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். சுடுகாட்டுப் பாதை இப்போது அகலமாக இருக்கிறது. காட்டெருமையும் அதில்தான் போகிறது, மிளகை மிதிப்பதில்லை.

குழந்தைக்குச் சிவசக்தி என்று பேர் வைத்தார்கள். மூன்றாவது வருஷம் சேர்வராயன் கோயில் திருவிழாவில், பனி இறங்கிய ஒரு சாயங்காலம், அங்கப்பன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். நெட்டையர் சொல்லாமலே வந்திருந்தார்கள். குகைக் கோயிலுக்குள் நுழைய உயரம் இடம் கொடுக்காததால் வெளியே வரிசையில், கையில் சீர்த்தட்டோடு நின்றார்கள். அத்தாயி எல்லாரையும் வாங்க என்று கேட்டாள். சரஸ்வதி பெரியவனைத் தனியே கூப்பிட்டு நிறுத்தி, பஜ்ஜி மாவுக்குத் தண்ணீர் எவ்வளவு, எண்ணெய் காய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மூன்று வருஷ பாக்கியைச் சொல்லித் தீர்த்தார். காது வலித்ததில் அழுதுகொண்டிருந்த சிவசக்தி அவர்களை அண்ணாந்து பார்த்து, அழுகையை நிறுத்திவிட்டு, "ஏனுங்க, சாப்டீங்களா?" என்று கேட்டாள். அங்கப்பன் அவள் தலையைத் தடவிக் கொடுத்தான். அன்று மழைக்காற்றில் மலை முழுக்கக் கரண்ட் போயிருந்தது, மறுநாள் லைன்மேன் வந்து சொல்லும்வரை யாருக்கும் தெரியவில்லை.