விரும்பிக் கூடும் இடம்

“வரைபடத்துல எம் பேரும் இருக்கணும் சார்.”

முந்திரி ஆலையில் தோலுரிக்கிற அம்மா, வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தாள்: “என்ன வேணும்னாலும் கேளு மக்ளே, பேரு மட்டும் கேட்டு நிக்காத. இருக்க வேலையும் போவும்.” ரெஜிலா கேட்டுவிட்டாள்.

முதியவர்களுக்குத் தோதாக நாகர்கோவிலைத் திருத்தத் திட்டம் போடுகிற நிறுவனம் அது. நாற்பது முதியவர்களின் கையில் கடிகாரம் மாதிரி ஒரு கருவியைக் கட்டி, அவர்கள் நடப்பதையும் நிற்பதையும் கணினியில் புள்ளிகளாக ஏற்றியிருந்தார்கள். கட்டிவிட்டது ரெஜிலா. மூன்று மாதம் வெயிலில் பின்னாலேயே அலைந்ததும் அவள்தான். ஏசி அறையில் உட்கார்ந்து புள்ளிகளுக்கு நிறம் கொடுத்தது ஜினி. திரையில் இருந்தது ஜினியின் பேர் மட்டும்.

“ஃபீல்டு ஸ்டாஃப் பேரு போடுற வழக்கம் இல்ல, கேட்டியா,” என்றார் மேலாளர் ஜெனின்.

“விடுங்க ஜெனின், கடைசியில நன்றின்னு ஒரு வரி போட்டிரலாம். என்னட்டி, போதாதா?” என்று சிரித்தாள் ஜினி.

அந்த வெறும் ‘ஜெனின்’தான் உள்ளே பற்றி எரிந்தது. ரெஜிலாவுக்கு அவர் என்றைக்கும் சார். ஜினியின் அப்பா கல்லூரிப் பேராசிரியர்; எந்த நாற்காலியிலும் கேட்காமல் உட்கார அவளுக்குத் தெரியும். அவள் இங்கிலீஷும் வெயில் படாத கழுத்தும் சேர்ந்து எரிந்தன.

“நாளைக்குப் பொதுமக்கள் கூட்டத்துல கமிஷனருக்கு இதத்தான் காட்டப்போறேன்,” என்று ஜினி திரையைத் தொட்டாள். மருந்துக்கடை முக்கில் சிவப்பாய்ப் பெரிய வட்டம். மேலே, ‘முதியோர் விரும்பிக் கூடும் இடம்.’ “சராசரி இருபது நிமிஷம் நிக்காவ. பெஞ்சும் பூச்செடியும் வச்சா ஜம்முனு இருக்கும்.”

ரெஜிலாவுக்குச் சிரிப்பு முட்டியது. அந்த முக்கில், ரிட்டயரான தங்கபாய் டீச்சரோடு அவளும் நின்றிருக்கிறாள். விரும்பியா நிற்கிறார்கள்? பஸ்ஸும் டெம்போவும் ஓயாத ரோட்டைத் தாண்ட முடியாமல், கைபிடிக்க ஓர் ஆள் வரட்டும் என்று நிற்கிறார்கள். அங்கே வேண்டியது, அவர்கள் தாண்டி முடிக்கும்வரை நின்று எரிகிற சிக்னல்.

இப்போது சொன்னால் ஜினி ஒரு நிமிடத்தில் திருத்திவிடுவாள். கைதட்டலும் அவளுக்கே போகும். சொல்லாமலே விட்டால் பெஞ்சுதான் வரும்.

“என்னட்டி, எப்படி இருக்கு?”

“நல்லாருக்கு ஜினி. இதையே காட்டு.”

கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். நாளைக்கு ரெஜிலா பேசுவாள், டீச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எல்லாம் வயசானவர்களுக்காக என்று பசப்ப அவளுக்கு மனமில்லை. மைக்கைப் பிடித்தபடி ஜினியின் முகம் செத்துப்போவதைப் பார்க்க வேண்டும்.

“பேரு விஷயம் யோசிச்சுச் சொல்லுகேன்,” என்றார் ஜெனின்.

“வேண்டாம் சார்.”

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசைமேல் போட்டுவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.