அம்மாவுக்கு வந்த மொழி

விமானத்திலிருந்து இறங்கி அந்த நாட்டுத் தரையில் கால் வைத்ததும் அம்மாவுக்குப் பிறந்ததிலிருந்து பேசிய மொழி மறந்துபோய், அந்த ஊர் மொழி சரளமாக வந்துவிட்டது. படிக்கட்டில், "முழங்கால் வலிக்குது பாப்பா, மெதுவா..." என்று தொடங்கியவள், மீதியை மகளுக்குப் புரியாத வார்த்தைகளில் முடித்தாள். முத்திரை குத்துகிற அதிகாரியிடம் ஏதோ சொன்னாள். அவர் சிரித்துவிட்டு அடுத்தடுத்துப் பேச்சுக் கொடுத்தார். பின்னால் வரிசை நீண்டது. ஓட்டலுக்கு வரவழைத்த டாக்டர் அம்மாவின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், அவளோடு வெகுநேரம் பேசினார். பிறகு கூட வந்திருந்த மூத்த மகன் பெரியவனிடம் அரைகுறை ஆங்கிலத்தில், உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, அவர் துறைமுகத்துப் பக்கத்துக்காரர்களைப் போல அழகாகப் பேசுகிறார், பிள்ளைகள் வெளிநாட்டு மொழி பேசுவதுதான் அவருக்குச் சங்கடமாக இருக்கிறதாம் என்றார்.

பெரியவனுக்கு வியர்த்துக் கொட்டியது. வியர்க்கக் காரணம் இருந்தது. வீட்டின் கடைக்குட்டியான சின்னவன் அந்த ஊரில்தான் உயர்ந்த கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைத்தான். அங்கேதான் கயிறு அறுந்து செத்தான். செய்தி வந்தபோது அம்மா இதய அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்தாள். அதிர்ச்சி தரும் எதையும் சொல்லக் கூடாது என்று மருத்துவமனையில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். "உடம்பு தேறட்டும், அப்புறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்" என்றான் பெரியவன். அங்கேயே அடக்கம் செய்துவிடுங்கள் என்று போனில் சொன்னவனும் அவன்தான். அம்மாவின் உடம்பு தேறியது. சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. சின்னவனுக்கு முதலில் வேலை அதிகம் என்றார்கள். பிறகு போன் சிக்னல் கிடைக்காத இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். அதுவும் பழசானதும், ஏதோ கோபத்தில் இருக்கிறான், தானாகத் தணிவான் என்றார்கள். பொய்யைக் கட்டியது டயர் கடை வைத்திருந்த பெரியவன். தலையாட்டியது மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க, "இப்பத் தெளிவா தெரியுதா?" என்று வருகிறவர்களைக் கேட்கிற அவள், வீட்டுக்கு வந்தால் அம்மாவின் முகத்தை நேராகப் பார்க்கமாட்டாள்.

எழுபதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது அம்மா ஒரே பிடியாக நின்றாள். "அவன் வரலைன்னா நான் போறேன். அவன் இருக்குற ஊர்லதான் கேக் வெட்டுவேன்."

பெரியவன் யோசித்து வழி கண்டுபிடித்தான். "கூட்டிட்டுப் போவோம். கம்பெனில அவனை அவசரமா வேற ஊருக்கு அனுப்பிட்டாங்கன்னு அங்க வச்சுச் சொல்லிடலாம். ஊரைச் சுத்திக் காட்டிட்டு வந்துடலாம்."

"அம்மா யார்கிட்டயாவது விசாரிச்சா?"

"பாஷை தெரியாத ஊர்ல யார்கிட்ட என்னன்னு விசாரிப்பாங்க? விடு."

மறுநாள் காலை மகள் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா அறையில் இல்லை. பதறியடித்துக்கொண்டு அண்ணனும் தங்கையும் கீழே ஓடினார்கள். அம்மா ரொட்டிக் கடைக்காரியிடம் வழி கேட்டு, போலீஸ்காரரிடம் வழி கேட்டு, பஸ் ஓட்டுநரிடம் கேட்டு, இரண்டு தெரு தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். முழங்கால் வலிக்கிறவள் நடக்கிற நடையாக அது இல்லை. கடைசியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் அடியில், வாளிகளுக்கும் சுருட்டி வைத்த கயிறுகளுக்கும் நடுவே உட்கார்ந்து காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்களிடம் போய் நின்றாள். மகள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது, அம்மா கையைத் தன் தலைக்கு மேல் உயர்த்தி இவ்வளவு உயரம் என்று காட்டினாள். பிறகு விரலால் இடது புருவத்தைக் குறுக்கே வெட்டுவதுபோல் தொட்டாள். சின்னவனுக்கு அந்த இடத்தில் தழும்பு உண்டு. மகளுக்கு மொழி தேவைப்படவில்லை.

ஆட்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். அவர்களில் வயதானவர் எழுந்து, தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றினார். அவர் மெதுவாக, வார்த்தைக்கு வார்த்தை நிறுத்திச் சொன்னார். அம்மாவின் விரல் புருவத்திலேயே இருந்தது. அவர் அழத் தொடங்கியதும் அம்மா அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள். தேறட்டும் தேறட்டும் என்று எல்லோரும் பயந்து பொத்திவைத்த அந்த இதயம் நிற்கவில்லை.

அம்மா பிள்ளைகள் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். இருவரும் விழித்தார்கள். ஹெல்மெட்காரர் சின்னவனோடு பக்கத்துக் கயிற்றில் தொங்கியவர். அவனிடமிருந்து இவர்கள் மொழியில் கொஞ்சம் பேசக் கற்றிருந்தார்.

"அம்மா கேக்குது... உங்களுக்குத் தெரியுமா? முன்னாடியே?"

"இல்ல இல்ல," என்றான் பெரியவன் அவசரமாக. "எங்களுக்கே இப்பத்தான் தெரியும்னு சொல்லுங்க."

அவர் பெரியவனை உற்றுப் பார்த்தார். "இந்தக் குரல் எனக்குத் தெரியும். போன்ல பேசினது நீங்கதானே? நான்தான் எடுத்தேன்."

அவர் அதை அம்மாவிடம் மொழிபெயர்த்தாரா என்று மகளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. பெரியவனின் முகமே மொழிபெயர்த்திருக்கும்.

நகரத்துக்கு வெளியே, பெயர் தெரியாதவர்களையும் பெயர் கேட்க ஆளில்லாதவர்களையும் புதைக்கிற நிலத்துக்கு அவர் அழைத்துப் போனார். அம்மா மண்ணருகில் உட்கார்ந்து சின்னவனிடம் நிறையப் பேசினாள், அந்த ஊர் மொழியிலேயே. மகள் பக்கத்தில் மண்டியிட்டு, "உன் உடம்புக்கு ஏதாவது ஆயிடும்னு பயந்தோம்மா, அதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னே தெரியலம்மா" என்று கதறினாள். அம்மா அவள் வாயசைவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், யார் வீட்டுக் குழந்தையோ மழலை பேசுவதைப் பார்ப்பதுபோல.

ஓட்டலில் கேக் சொல்லிவைத்திருந்ததை ரத்து செய்ய யாருக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் பணியாளர்கள் மெழுகுவர்த்தி ஏற்றி, கை தட்டிப் பாடிக்கொண்டே கொண்டுவந்தார்கள். அம்மா அவர்களுக்கு முறையாக நன்றி சொன்னாள், வெட்டினாள். முதல் துண்டை, கூடவே வந்திருந்த ஹெல்மெட்காரருக்கு ஊட்டினாள். பிள்ளைகளுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தாள், விருந்தாளிகளுக்குக் கொடுப்பதுபோல.

சொந்த ஊர்த் தரையில் கால் வைத்ததும் பழைய மொழி திரும்பிவிடும் என்று பெரியவன் நம்பினான். திரும்பவில்லை. அக்கம்பக்கத்தார் சில மாதம் வேடிக்கை பார்க்க வந்தார்கள், பிறகு அலுத்துப்போனது. காய்கறிக்காரர் அம்மாவுக்கு விரலால் விலை சொல்லக் கற்றுக்கொண்டார். பெரியவன் வாரம் ஒருமுறை வந்து, எதிரில் உட்கார்ந்து, தேநீர் குடித்துவிட்டுப் போவான். பிறகு மாதம் ஒருமுறை வந்தான். பிறகு பழங்கள் மட்டும் கடைப் பையன் கையில் வந்தன.

மகள் அந்த மொழியைப் படிக்கச் சேர்ந்தாள். கடை மூடியதும் வகுப்புக்குப் போவாள். நாக்கு வளையாத வயது, வருஷங்கள் ஆயின. ஒரு வாக்கியம் முழுதாகத் தேறியதும், காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் உட்கார்ந்து கேட்டாள்: எங்கள் மேல் கோபமா?

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். கோபம் என்ற சொல்லை மகள் தப்பாக உச்சரித்திருந்தாள். அம்மா அதைத் திருத்தி, திரும்பச் சொல்லச் சொன்னாள். மகள் சொன்னாள். இன்னும் சரியில்லை என்று அம்மா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். மகள் மறுபடி சொன்னாள், மறுபடியும் சொன்னாள். கடைசியில் சொல் சரியாக வந்தது.

ஆமாம், என்றாள் அம்மா.

பிறகு பாதிக் காயை மகள் பக்கம் நகர்த்தி, பொடியாக நறுக்கு என்றாள். மகளுக்கு அது முழுதாகப் புரிந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேர் அந்த மொழியில் பேசினார்கள்.