பளிச் வீடு பெர்சிஸ்

ஆம்பூர் பஜாரில் என்னைப் பார்த்தால் இன்றைக்கும் யாராவது ஒருத்தி நின்றுவிடுவாள். "நீங்க பளிச் வீடு மேடம்தானே? எங்கூட்டு சிங்க்ல கறை போவவே மாட்டேங்குது மேடம்." புளியும் கல் உப்பும் போட்டுத் தேய்க்கச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். ஏழு வருஷம் இந்த ஊர் கேபிள் டிவியில் வீடு துடைத்துக் காட்டியவள் நான். என் அடுப்படிச் சுவரில் எத்தனை டைல்ஸ் என்றுகூட ஊருக்குத் தெரியும். அந்த வீட்டுக்குள் வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கத்தான் ஆள் கிடையாது.

கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டுக் கேட்டு ஊரே ஓய்ந்துவிட்டது, நீங்களும் விட்டுவிடுங்கள். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷம் வார்டு சுத்தம் பார்க்கும் சூப்பர்வைசராக இருந்தேன். அம்மா படுத்த படுக்கையானதும் வேலையை விட்டுவிட்டு வந்தேன். அடுத்த வருஷமே அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். மிச்சம் இருந்தது வீடும் நானும் கைப்பழக்கமும்தான். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தரையைத் துடைப்பேன். வேறு என்ன வேலை எனக்கு?

தொண்ணூற்று ஒன்பதில் ஒருநாள் கேபிள்காரர் மஹபூப் பாஷா கனெக்ஷன் பார்க்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "யக்கா, தரையில என் மூஞ்சி தெரியுது. கால் வைக்கவே பயமா கீது. இத்த நம்ம சேனல்ல போட்டா இன்னா?" கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை தோளில் கேமராவோடு வந்து நின்றார். தெரு முனையில் இருந்த அவர் கண்ட்ரோல் ரூமிலிருந்து என் வீட்டுக்கு ஒரு ஒயரை இழுத்து, பதினோரு மணிக்கு நேரடி ஒளிபரப்பு என்று ஆரம்பித்தார். டெலிபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டால் பெண்கள் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்பார்கள். நான் பதில் சொல்லிக்கொண்டே துடைப்பேன்.

எனக்கும் பக்கத்து வீட்டு சுகரா பேகத்துக்கும் நடுவில் ஒரே சுவர். என்னைவிட ஆறு வயது மூத்தவள், அதனால் ஆபா என்றுதான் கூப்பிடுவேன். ஷூவின் மேல்பாகத்தை, அப்பர் என்பார்கள், அதைக் கையால் தைக்கும் வேலை அவளுக்கு. பேக்டரியிலிருந்து ஆட்டோவில் மூட்டை வந்து இறங்கும். நாள் முழுக்க ஊசியும் நூலும் ஒட்டுகிற சொல்யூஷனுமாக உட்கார்ந்திருப்பாள். சனிக்கிழமை பதினோரு மணிக்கு மட்டும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு டிவியைப் போடுவாள். நான் இங்கே பேசுவது சுவருக்கு அந்தப் பக்கம் அவள் டிவியிலும் கேட்கும்.

பதினொன்றரைக்குப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வருவாள். "இன்னா பெர்சிஸ், இன்னிக்கு ஜாஸ்தி பேசிட்ட போல. ஃபேன் மேல இருந்த தூசியத் திட்டுனியே, எனக்கே பயம் வந்துடுச்சு." அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்து, நீலக் கோடு போட்ட கண்ணாடி கிளாஸில் டீ குடிப்பாள். அந்த கிளாஸ் அவளுக்கென்றே வைத்தது. வெள்ளிக்கிழமையானால் ஒரு கிண்ணம் பிரியாணியும் கத்திரிக்காய்த் தாளிச்சாவும் சுவர் மேலாக வரும். அவளை விட்டால் எனக்கு யாரும் இல்லை. வெட்கப்பட என்ன இருக்கிறது, அதுதான் உண்மை.

இரண்டாயிரத்து இரண்டில் பாத்திரம் தேய்க்கிற சோப்புக் கம்பெனிக்காரன் ஒருவன் விளம்பரம் கொடுக்க வந்தான். "சும்மா சொன்னா எடுபடாது மேடம். ஒரு கதையோட சொல்லுங்க," என்றான். அந்தச் சனிக்கிழமை கேமரா முன்னால் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு என் வாய் தானாக ஓடியது. "எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா வீட்டுலயே ஷூ தைக்கிறாங்க. அவங்க வீட்டு டீ கிளாஸைக் கையில எடுத்தாலே சொல்யூஷன் வாசனை. எங்க வீட்டுல அவங்க டீ குடிச்சாக்கூட அந்த கிளாஸை ரெண்டு தடவை கழுவுவேன்." போனில் இருந்த பெண் கெக்கெக்கே என்று சிரித்தாள். பாஷா சிரிப்பை அடக்கியதில் கேமராவே ஆடியது. எனக்கும் குஷி வந்துவிட்டது. "அவங்க எழுந்து போனதும் நாற்காலிக்கும் ஒரு துடைப்பு!" என்று சேர்த்துவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? சுவருக்கு அந்தப் பக்கம் டிவி சத்தம் பட்டென்று நின்றது.

பதினொன்றரைக்குப் பின்கதவு திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை கிண்ணமும் வரவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. பேரையா சொன்னேன்? ஊரில் ஆயிரம் வீட்டில் ஷூ தைக்கிறார்கள். ஆனால் என் வீட்டில் வந்து டீ குடிக்கிறவள் ஒருத்திதான் என்று தெருவுக்கே தெரியும். டவுன் பஸ்ஸில் ஒருத்தி என்னிடமே கேட்டாள், "அந்த ஆபா வீட்டத்தானே மேடம் சொன்னீங்க?" என்று. சுகரா ஒரு வார்த்தை சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன். அவள் போடவில்லை. தெருவில் எதிரே வந்தால் மூட்டை என் சேலையில் பட்டுவிடாமல் ஒதுங்கிப் போவாள். அவ்வளவுதான்.

இதில் ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் வீட்டு கிளாஸில் எந்த வாசனையும் கிடையாது. நானாகக் கட்டிவிட்டது. என் அப்பா ஏசுராஜ் தோல் பதனிடும் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். வேலூர் ஹாஸ்டலில் எனக்குப் பக்கத்துக் கட்டில்காரி முதல் நாளே "தோல் வாசனை" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அன்றைக்குத் தேய்க்க ஆரம்பித்தவள் நான். அதே வார்த்தையைக் கொண்டுபோய் ஆபாவின் தலையில் போட்டேன் பாருங்கள், எனக்கு எவ்வளவு வாய்க்கொழுப்பு!

இரண்டு வருஷம் போனது. வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று மாதர் சங்கங்களில் கூப்பிட்டு மாலை போட்டார்கள். வீட்டுக்கு வந்து அந்த மாலையை யாரிடம் காட்டுவது? ஆணியில் மாட்டி வைப்பேன், வாடினதும் பூ உதிர்ந்து தரை குப்பையாகும், அதைக் கூட்டுவேன்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, ஜன்னல் கம்பி துடைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பாஷா ஸ்பீக்கரைத் தட்டினார்.

"வணக்கம் மேடம். பேரு வேணாம் மேடம்."

சுகராவின் குரல். போனிலும் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்டது. என் கையிலிருந்த துணி நழுவிவிட்டது.

"சொல்லுங்கம்மா," என்றேன்.

"நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றாங்க மேடம். பெரிய எடம். நாங்க வீட்டுல ஷூ வேலை செய்றோம். டீ கிளாஸ்ல சொல்யூஷன் வாசனை வருதாம். எங்களுக்குத் தெரியல மேடம், பழகிப்போச்சு. சாம்பல், எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டுத் தேச்சிட்டேன். அவங்க முன்னால எம்பொண்ணு தலை குனியக் கூடாது. இன்னா பண்ணா போவும்?"

மேடமாம். என்னைப் பெர்சிஸ் என்று வாய் நிறையக் கூப்பிட்டவள். குத்திக்காட்டத்தான் கேட்கிறாளோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இல்லை, நிஜமாகவே கேட்கிறாள். நான் சொன்னதை நம்பியிருக்கிறாள். இந்த ஊரில் சுத்தம் தெரிந்தவள் நான்தானே. பாஷா கேமராவுக்குப் பின்னாலிருந்து பேசு பேசு என்று கையை ஆட்டினார்.

"உங்க கிளாஸ்ல வாசனையே இல்லம்மா," என்றேன். "எப்பவும் இருந்ததில்ல. அன்னிக்கு நான் சொன்னது பொய். சோப்பு விக்கிறதுக்காகச் சொன்ன பொய்."

பிறகு அவள் குரல் வந்தது. "அப்போ ரெண்டு வருஷமா நான் எதுக்குத் தேச்சிகினு இருந்தேன்?"

போன் வைக்கப்பட்டது. பாஷா கேமராவை அணைத்துவிட்டார். "யக்கா, சோப்புக்காரன் பேஜார் பண்ணுவானே," என்றார். சோப்புக்காரன் கிடக்கிறான் போங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் ஞாயிறு. பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போகும்வரை ஜன்னலோரமாகவே நின்றேன். சிரித்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகுதான் அவள் பின்கதவைத் தட்டினேன்.

சுகரா திறந்தாள். "வா," என்றாள், அவ்வளவுதான். நாற்காலி மேல் கிடந்த தோல் துணுக்குகளைத் தள்ளி, கொடியிலிருந்து ஒரு துவைத்த துப்பட்டாவை எடுத்து மேலே விரித்தாள். "உன் சேலை அழுக்காய்டும்."

நான் துப்பட்டாவை எடுத்து மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். "ஆபா, என்னை மன்னிச்சிடுங்க," என்றேன்.

"பொண்ணு அவங்களுக்குப் பிடிச்சிருக்காம்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். டீயோடு வந்தாள். விருந்துக்கு வாங்கின பிளாஸ்டிக் கப்பில். "இதுன்னா கழுவுற வேலை இல்ல பாரு. குடி, ஆறிடும்."

குடித்து முடித்தேன். "இன்னும் கொஞ்சம் கெடைக்குமா? கிளாஸ்ல?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதே கப்பில் ஊற்றினாள். பிறகு உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள்.

இரண்டாயிரத்து ஆறில் பாஷா சேனலை மூடினார். என் நிகழ்ச்சியும் நின்றது. சுகராவின் மகள் வாணியம்பாடியில் இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய். சனிக்கிழமை தோறும் பதினொன்றரைக்கு நான் அந்தப் பின்கதவைத் தட்டுகிறேன். அவள் என் வீட்டுக்கு வருவதில்லை. நீலக் கோடு கிளாஸ் இங்கே கவிழ்ந்தே இருக்கிறது. அங்கே பேசுவோம், சிரிக்கக்கூடச் சிரிப்போம். மூட்டை அதிகமிருந்தால் நூல் கோத்துக் கொடுப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முடிந்து அஞ்சு வருஷமாகிறது, டீ மட்டும் இன்னும் பிளாஸ்டிக் கப்பில்தான் வருகிறது. ஒவ்வொரு தடவையும் கிளாஸில் கேட்பேன். "அடுத்த வாரம் பாக்கலாம்," என்பாள். நாளைக்குச் சனிக்கிழமை.