கோப்பு இல்லை

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று சொல்லத் தெரியவில்லை. எனக்குச் சாதகமாக ஓரிரு இடங்களை மாற்றியும் இருப்பேன்.

ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஆய்வகத்திலிருந்து வார்டுகளுக்கு அனுப்பும் ஷெல் ஸ்கிரிப்ட் என்ற சிறு கணினி நிரலை எழுதியவன் நான். எது தடுக்கினாலும் அது ஒரே வரியைத்தான் காட்டும்: 'கோப்புப் பிழை.' கோப்பு வரவில்லையா, திறக்க அனுமதி இல்லையா, டிஸ்க் நிறைந்துவிட்டதா என்று எனக்கு மட்டுமே கண்டுபிடிக்கத் தெரியும். ஆய்வகத்து மேடம் உடனே கூப்பிடுவார். நான் வேண்டுமென்றே ஐந்து நிமிடம் கழித்துப் போவேன்.

அந்த வேலையில் என் மச்சினியைச் சேர்த்துவிட்டதும் நான்தான். மூன்றாம் வாரமே என்னிடம் கேட்டுக்கொண்டு அந்த ஒற்றை வரியைப் பிரித்து எழுதினாள். எந்தக் கோப்பு, எங்கே நின்றது, ஏன், அடுத்து என்ன செய்ய வேண்டும். மேடம் அதைப் படித்துத் தானே சரிசெய்துகொண்டார். வீட்டில் மனைவி தங்கையின் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

"என்ன சார், ஆளையே காணோம்?" என்றார் மேடம் ஒருநாள். "உங்க மச்சினி புண்ணியத்துல, நீங்க லீவு போட்டாக்கூட எங்களுக்குத் தெரியாது போல."

சிரித்து வைத்தேன்.

மறுநாள் காலை, டிஸ்க் நிறைந்தால் வர வேண்டிய செய்தியை அழித்துவிட்டு, 'கோப்பு இல்லை. ரத்த மாதிரி ஆய்வகத்துக்கு வரவில்லை' என்று எழுதினேன். குழம்பிப்போய் என்னைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். டிஸ்க் நிறைந்து அந்தச் செய்தி வந்தபோது யாரும் குழம்பவில்லை. அவள் எழுதியதெல்லாம் அதுவரை உண்மையாக இருந்ததால் இதையும் நம்பினார்கள். நரம்பே கிடைக்காத ஒரு முதியவரின் கையில் மறுபடி மூன்று இடத்தில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். முதல் முடிவு ஆய்வகத்திலேயே கிடந்தது தெரிந்ததும் மேலாளர் அவளை அழைத்துத் திட்டினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் நின்றிருந்தேன்.

மாலையில் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்ற பட்டியல் அவள் திரையில் திறந்திருந்தது.

"நான்தான் தப்பா எழுதிட்டேன்னு சொல்லிட்டேன், மாமா. எங்க அக்காவுக்குத் தெரிய வேணாம்."

"சரிம்மா" என்றேன். அப்போதும் எனக்கு முதலில் வந்தது நன்றி அல்ல. இந்தப் பெருந்தன்மையும் இவளுக்கே வாய்த்திருக்கிறதே என்ற எரிச்சல்தான்.

முதியவர் குணமாகி வீடு திரும்பினார். மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். மச்சினி அந்த வருடமே வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போனாள். வரும்போதெல்லாம் மரியாதையாகத்தான் பேசுகிறாள். மனைவிக்கு இன்றுவரை தெரியாது. இப்போது அங்கே மேலாளர் நான்தான்.