தோட்டாப் பெட்டிக்கு ஒரு கையெழுத்து

மற்ற பார்சல்களையெல்லாம் தெருக்கதவுக்கு உள்பக்கம் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். தோட்டாப் பெட்டியை அப்படி வைக்க முடியாது. வயது வந்த ஒருவர் கதவைத் திறந்து, முகம் காட்டி, கையெழுத்துப் போட்டால்தான் கொடுக்கலாம். அதனால் மாதம் ஒரு முறை பார்சல்காரன் ரஸ் வூகோவிச் மூன்று மாடி ஏறி வந்து ஆர்டித் பென்ஹேலின் கதவைத் தட்டுவான். தட்டிவிட்டு ஓடமாட்டான். அவள் மூட்டுவலியோடு எழுந்து வந்து திறக்கும்வரை நிற்பான்.

யாரோ தனக்காக ஒரு நிமிஷம் நிற்கிறார்கள் என்பதற்காகத்தான் ஆர்டித் அந்த மாதத்தின் மற்ற நாட்களைக் கடத்தினாள்.

தோட்டாக்கள் அவள் கணவன் எம்மெட்டுக்கு வந்தவை. சனிக்கிழமைதோறும் துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போய் அட்டையில் வரைந்த வட்டத்தைச் சுட்டுவிட்டு வருவான். மான்டனாவில் பிறந்து வளர்ந்தும் ஒரு மானைக்கூடச் சுடாதவன் என்று பியூட் நகரமே அவனைக் கேலி செய்யும். கடைக்கு அலைய வேண்டாமென்று மாதாமாதம் தானாகவே வரும்படி தபாலில் ஏற்பாடு செய்திருந்தான். "வெளிய மூச்சு விடாத ஆர்டி. திருடனுக்கும் தெரியவேணாம், பயந்தாங்கொள்ளிக்கும் தெரியவேணாம்" என்பான். பெட்டியின் மேல் எதுவும் எழுதியிருக்காது. ஒரு பக்கத்தில் மட்டும் ஆபத்தான சரக்கு என்று காட்டும் கறுப்பு வெள்ளைச் சின்ன சாய்சதுர முத்திரை இருக்கும். அந்தப் பக்கத்தைச் சுவரோடு திருப்பி வைப்பது ஆர்டித்தின் வேலை.

வசந்தத்தில் எம்மெட் இறந்துபோனான். டில்லன் என்ற ஊரிலிருந்து வந்த அவன் தம்பி துப்பாக்கியை எடுத்துப் போனான். தபால் ஏற்பாட்டை யாரும் நினைக்கவில்லை. அடுத்த மாதம் கதவு தட்டப்பட்டது.

"எங்க நம்ம ஆளு, தூங்குறாரா?" என்று ரஸ் கேட்டான். அவள் சொன்னதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "எப்ப வந்தாலும் ஒரு ஜோக் சொல்லுவாரும்மா. ஒண்ணுக்கும் சிரிப்பு வராது" என்றான். அழுகை வரும் என்று நினைத்த ஆர்டித்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கத்துக்குப் பின் அவள் அன்றுதான் சிரித்தாள்.

ஒரு தொலைபேசி அழைப்பில் நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. பெட்டிகள் கட்டிலுக்கு அடியிலும், போர்வை அலமாரியிலும், எம்மெட்டின் கோட்டுகளுக்குக் கீழேயும் சேர்ந்தன. ரஸ் வரும் நாளில் காலையிலேயே மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்த பேஸ்டியைச் சுட்டு, ஒன்றைக் காகிதத்தில் சுற்றி வைத்திருப்பாள்.

ஒரு மாடி கீழே இருந்த மிஸஸ் டியர்னி ஒருநாள் படியில் மடக்கினாள். "மாசாமாசம் அந்த ஆளு மூச்சுமுட்டத் தூக்கிட்டு வரானே, என்ன, செங்கலா? வீடு கட்டுறீங்களா மேல?"

"பாட்டுப் புஸ்தகம். சர்ச்சுக்கு" என்றாள் ஆர்டித்.

"அடேயப்பா, அவ்வளவு பாட்டா! உங்க மெதடிஸ்ட் ஆளுங்களுக்குத் தொண்டையே கட்டாதா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆர்டித் பொய்க்கு மன்னிப்புக் கேட்டாள். பெட்டியைப் பற்றி ஆண்டவரிடம் எதுவும் பேசவில்லை.

ஜனவரியில் படிக்கட்டெல்லாம் பனிச்சேறு. கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு அவள் கதவருகே காத்திருந்தாள். காலடி பாதியில் நின்றது. கீழே ரஸ்ஸின் குரல் கேட்டது.

"ஒண்ணுமில்லம்மா, முதுகுதான். கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்."

"இடுப்புக்குப் பெல்ட்டு போட்டிருக்கீங்களா?" இது மிஸஸ் டியர்னி.

"ரெண்டு மாசமாப் போட்டிருக்கேன். இன்னொரு தடவ படுத்தேன்னா வண்டியப் புடுங்கிருவாங்க. அப்புறம் வீட்டுல உக்காந்து சுவத்தப் பாக்கவேண்டியதுதான்."

ஆர்டித்தின் கை கதவுப்பிடியிலேயே நின்றுவிட்டது. சற்றுப் பொறுத்து அவன் மேலே வந்தான். வழக்கம்போலச் சிரித்தான், பேஸ்டியை மோந்து பார்த்தான், கையெழுத்து வாங்கினான். அவன் இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் கைப்பிடி முனகியது.

அவள் பெட்டியைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்வது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தன் தனிமையை இத்தனை மாதமும் இன்னொருவன் முதுகில் ஏற்றி மூன்று மாடி சுமக்கவைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "தந்தையே, எனக்கு அந்த ஒரு தட்டல்தான் இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகு எழுந்து தொலைபேசியை எடுத்தாள்.

நிறுத்திவிடலாம், ஆனால் அடுத்த பெட்டிக்கு ஏற்கெனவே பில் போட்டாகிவிட்டது, அது மட்டும் வரும் என்றாள் தோட்டாக் கம்பெனியில் பேசிய பெண்.

அது வரும் நாளில் ஆர்டித் கோட்டை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, தெருக்கதவு வரை இறங்கினாள். பேஸ்டி கோட்டுப் பையில் சூடாக இருந்தது. ரஸ் பெட்டியோடு உள்ளே வந்து திகைத்தான்.

"என்னம்மா, வீடு தீப்பிடிச்சிருச்சா?"

"அத மேல கொண்டுவராதீங்க ரஸ். எனக்கு வேணாம்." தயாரித்து வைத்திருந்த வார்த்தைகள் போய்விட்டன. "எங்கிட்ட துப்பாக்கியே இல்ல. எம்மெட் போனப்பவே போயிருச்சு."

அவன் பெட்டியைத் தரையில் வைத்தான். "அப்ப இத்தன மாசமா?"

"எல்லாம் கட்டிலுக்குக் கீழ இருக்கு. கையெழுத்து வேணும்னா நீங்க கதவத் தட்டுவீங்கல்ல? அதுக்குத்தான். வேற யாரும் தட்டுறதில்ல."

ரஸ்ஸின் முகம் சிவந்தது. "மூணு மாடிம்மா! ஒவ்வொரு படிக்கும் உங்களத் திட்டிக்கிட்டேதான் ஏறுவேன், தெரியுமா?"

"திட்டணும்தான்."

அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தெருப்பக்கம் திரும்பினான். பிறகு மூச்சு விட்டான். "எறங்கறப்ப திட்டமாட்டேன். கையில பேஸ்டி இருக்கும்." பெட்டியின் மேல் ஏதோ கிறுக்கினான். "வாங்க மறுத்துட்டாங்கன்னு திருப்பி அனுப்பிடறேன். மேல இருக்கறத எம்மெட்டோட கிளப்புக்காரங்கள வந்து எடுத்துக்கச் சொல்லுங்க. நான் தொடமாட்டேன், ஆமா."

அவள் பேஸ்டியை நீட்டினாள். இதுதான் கடைசி என்று நினைத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றான் அவன். "இந்தக் கட்டடத்துக்கு நான் தினமும் வரேன். பதினோரு மணிக்கு இங்கதான் நின்னு எல்லார் பார்சலையும் அடுக்குவேன். ஒரு நாளாவது நீங்க கீழ வந்திருக்கீங்களா?"

அப்படி வரலாம் என்றே ஆர்டித்துக்குத் தோன்றியதில்லை. ஒரு காரியமும் இல்லாமல் ஒருவர் முன்னால் போய் நின்று பேசலாம் என்பது எம்மெட்டுக்குத்தான் தெரிந்திருந்தது.

மேலே மாடி வளைவிலிருந்து ஒரு குரல் விழுந்தது. "பாட்டுப் புஸ்தகம்னு சொன்னீங்களே!"

மிஸஸ் டியர்னி கைப்பிடிமேல் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "என் தலைக்கு மேல இத்தன மாசமா வெடிமருந்தா? மாதாவே! நான் தினம் மெழுகுவத்தி வேற ஏத்துறேன்!" என்றவள், ஆர்டித்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

அடுத்த வாரம் கிளப்பிலிருந்து மூன்று பேர் வந்து பெட்டிகளை எடுத்துப் போனார்கள். கட்டிலுக்குக் கீழே வெறும் தூசி. இரண்டு நாள் ஆர்டித் வெளியே வரவில்லை. இறங்கிவிடலாம், மறுபடி ஏறுவது எப்படி என்று முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் பேஸ்டியை அடுப்பிலிருந்து எடுத்தபோது கீழே வண்டியின் சத்தம் கேட்டது. அவள் கோட்டை எடுத்தாள்.

முதல் வளைவில், மிஸஸ் டியர்னியின் கதவுக்குப் பக்கத்தில், அதுவரை இல்லாத ஒரு சமையலறை நாற்காலி கிடந்தது. அதன்மேல் ஒரு மெத்தை இருந்தது.

"ஏறுறப்ப உக்காருங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "இப்ப போங்க, அவன் கிளம்பிடப்போறான். எனக்கும் ஒரு பேஸ்டி வைங்க, பாட்டுப் புஸ்தகக்காரம்மா!"