ஏழாம் மாத அளவு

1

இது கதையாக வேண்டியதே இல்லை. ஓர் இதழிலிருந்து கட்டுரை கேட்டார்கள்: உடல் பருமன் பெண்ணின் கருத்தரிப்பை எப்படிப் பாதிக்கிறது, எளிய தமிழில், பயமுறுத்தாமல். நானும் ஒரு மருத்துவரைப் பார்த்துக் குறிப்பெடுத்து வந்து முதல் வாக்கியத்தை ஆரம்பித்தேன்.

உடலில் கொழுப்பு மிகும்போது இன்சுலினும் மற்ற ஹார்மோன்களும் தடம் மாறி, மாதாமாதம் முட்டை வெளிவருவது தள்ளிப்போகலாம், நின்றும் போகலாம், ஆனால்

அந்த 'ஆனால்' வந்ததும் கை நின்றுவிட்டது. என் நாத்தனார் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

(ஆனாலுக்குப் பிறகு வரவேண்டியது இது: பருமனான பெண்கள் எத்தனையோ பேர் எந்தச் சிக்கலும் இல்லாமல் பிள்ளை பெறுகிறார்கள். எடை ஒரு காரணம், ஒரே காரணம் அல்ல. பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தாலே சிலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வந்துவிடும். கட்டுரை அவ்வளவுதான். கட்டுரைக்காக ஏறியவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.)

2

தொடக்கங்கள்.

"அவள் குண்டாக இருந்தாள்." அடித்துவிட்டேன். ஊரே அவளை அப்படித்தான் ஆரம்பிக்கிறது.

"கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அவளுக்கு" அதுவும் ஊர் ஆரம்பிப்பதுதான்.

"அவள் ஒரு தையற்கூடத்தில் வேலை செய்தாள்." இது நிற்கட்டும்.

கர்ப்பிணிகளுக்கான உடைகளை மட்டும் தைக்கும் கூடம் அது. முதல் மாடி, தெருப் பக்கம் ஒரே ஜன்னல், சுவரோரமாக மெஷின்கள், நடுவில் துணி வெட்டும் நீள மேசை. அங்கே உடைக்குச் சின்னது பெரியது என்று அளவு கிடையாது. மாதம்தான் அளவு. நாலாம் மாதம், ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம். புதிதாக ஒரு மாதிரி வெட்டினால் யாராவது போட்டுப் பார்க்க வேண்டுமே, அதற்கு நிஜக் கர்ப்பிணியை எங்கே தேடுவது? என் நாத்தனாரின் வயிறு ஏழாம் மாதத்துக்குக் கச்சிதமாக இருந்தது. அதனால் அவள் அங்கே தையல்காரி மட்டுமில்லை, 'மாடல்'. அந்தப் பெயரில்தான் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள்.

"மாடல், கொஞ்சம் எந்திரிச்சு வா. ஏழாம் மாசத்தைப் போட்டுப் பாத்துடலாம்" என்பார் கட்டிங் மாஸ்டர்.

அவள் போய் மேசையருகே நிற்பாள். இன்னொரு தையல்காரி டேப் பிடிப்பாள். மாஸ்டர் தள்ளி நின்று பார்ப்பார்.

"கையைத் தூக்கு. குனி. மூச்சு முட்டுதா?"

"முட்டல மாஸ்டர்."

பிள்ளைக்காக ஏங்கும் ஒருத்திக்குப் பிள்ளைத்தாய்ச்சி உடையை மாட்டி நிறுத்தியது கதைக்காக நான் ஜோடித்தது என்று நினைப்பீர்கள். ஜோடிக்கத் தெரிந்திருந்தால் இதைவிட நாசூக்காக ஜோடித்திருப்பேன்.

3

"முதல்ல வெயிட்டைக் குறைங்கம்மா. அப்புறம் ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கலாம்" என்றார் மருத்துவர். கூடப் போனது நான். அவள் கணவர் கீழே வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அந்தக் கணவரும் நல்ல உருவம்தான். ஆணின் எடையும் விந்தணுவைப் பாதிக்கும் என்று என் குறிப்பில் இருக்கிறது. அவரை யாரும் எடை மெஷினில் ஏற்றவில்லை. இந்தப் பாத்திரம் எனக்குப் பிடிபடவே இல்லை. கெட்டவராக எழுதினால் என் வேலை சுலபம். ஆனால் மனைவி வெள்ளரிக்காய் கடிக்கும்போது எதிரே உட்கார்ந்து சாப்பிடக் கூசி, வெளியே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து "எனக்கும் பசிக்கல" என்று சொன்னவர் அவர். இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

4

குறைத்தாள். விடிந்ததும் நடந்தாள், சர்க்கரையை விட்டாள், பாதி வயிற்றோடு எழுந்தாள். எடை இறங்கியது. கூடத்தில் அது வேறு விதமாகத் தெரிந்தது. ஏழாம் மாதம் தொளதொளத்தது. ஆறும் தொளதொளத்தது.

"என்ன மாடல், ஊர்ல எல்லாரும் முன்னாடி போறாங்க, நீ பின்னாடி போற?" என்றார் மாஸ்டர்.

கூடமே சிரித்தது, அவளும் சிரித்தாள். தன் உடம்பைப் பற்றிய கிண்டலுக்கு அவள் மனசாரச் சிரித்து நான் கேள்விப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

நாலாம் மாத உடை பொருந்திய அன்று எனக்கு போன் செய்தாள். "அண்ணி, நாலுக்கு வந்துட்டேன்! இன்னும் கொஞ்சம்தான். டாக்டர்கிட்ட நீங்களும் வரணும், சொல்லிட்டேன்."

இந்த இடத்தில் ஒரு நல்ல கதையை முடித்திருக்கலாம். எடை குறைந்ததும் அவளுக்கு

5

இனி வேகமாக எழுதிவிடுகிறேன். நின்று நிதானித்து எழுத என்னால் ஆகாது.

ஒரு நாள் நாலாம் மாத உடை இடுப்பில் பிடித்தது. டேப் பிடித்தவள் மறுபடியும் அளந்து பார்த்தாள்.

"கூடிடுச்சே மாடல். மறுபடி அஞ்சாம் மாசம் ஆயிட்ட."

"திருட்டுத்தனமா சாப்பிடுறியா?" என்றார் மாஸ்டர்.

கூடம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. அன்று மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள். மறுநாளிலிருந்து காலைச் சாப்பாட்டையும் விட்டாள். தலை சுற்றியது, பட்டினி என்று நினைத்தாள். குமட்டியது, வெறும் வயிறு என்று நினைத்தாள். தேதி தள்ளிப்போனது அவளுக்குப் புதிதே இல்லை, வயசுக்கு வந்த நாளிலிருந்து தள்ளித்தான் போகிறது.

கர்ப்பிணிகளின் வயிற்றை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள் நிறைந்த அறை அது. ஒருவருக்கும் தோன்றவில்லை. வயிறு என்றால் அளவு, அளவு கூடினால் பிரித்துத் தைக்க வேண்டும். அப்படியே பழகிப்போன கண்கள்.

மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதே ரத்தப்போக்கு தொடங்கியது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த பிறகுதான் தெரிந்தது: கரு உண்டாகியிருந்தது, மூன்று மாதத்தை நெருங்கியிருக்கும், இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

"நான் பட்டினி கெடந்ததாலயா டாக்டர்?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. முதல் மூணு மாசத்துல கலையறதுக்குப் பெரும்பாலும் கருவோட கோளாறுதான் காரணம். உங்க தப்பு இல்ல."

மருத்துவர் சொன்னது உண்மை, என் குறிப்பிலும் அப்படியே இருக்கிறது. அவள் நம்பவில்லை.

"தேடி வந்த புள்ளைய நானே பட்டினி போட்டுட்டேன் அண்ணி."

இதற்கு ஒரு பதில் எழுத வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றும் உருப்படவில்லை.

6

முடிவுகள்.

(அ) மாஸ்டர் கிண்டல் பேசுவதற்குப் பதிலாக, "மாடல், நீ முதல்ல டாக்டரைப் பாரு" என்கிறார். ஒரே ஒரு வசனத்தை மாற்றினால் போதும். மாற்றியும் எழுதினேன். நடந்தது தெரிந்ததிலிருந்து அந்த மனுஷர் யாரிடமும் விளையாட்டாகப் பேசுவதில்லையாம். கிழித்துவிட்டேன்.

(ஆ) மறுபடி எடை குறைகிறது, சிகிச்சை பலிக்கிறது. எங்கே? போன எடை வட்டியோடு திரும்பி வந்துவிட்டது. மருத்துவர் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறார். அவளால் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட விட முடிவதில்லை. தட்டைத் தள்ளிவைத்தாலே, உள்ளே யாராவது இருந்தால் என்று பயம் வந்துவிடுகிறது. வயது நாற்பதைத் தொடப்போகிறது.

(இ) பிள்ளையில்லாமலும் நிறைவாக வாழலாம் என்று உணர்கிறாள். பலர் வாழ்கிறார்கள். இவள் உணரவில்லை. உணர்ந்தாள் என்று எழுத நான் யார்?

7

இதுவரை எழுதியதை அவளிடமே கொடுத்தேன். அவள் சம்மதிக்காவிட்டால் கிழித்துப் போடுவதாக எண்ணம். சமையலறை மேடையில் சாய்ந்து நின்றபடி முழுவதையும் படித்தாள்.

"நடந்தது நடந்துபோச்சு அண்ணி. கதையிலயாச்சும் எனக்கு ஒரு புள்ளையக் குடுங்களேன். காசா பணமா?"

எழுதினேன். அவள் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிரசவ அறை, வலி, ஓர் அழுகை. நர்ஸ் துணியில் சுற்றி எடுத்து வந்து, பெண் குழந்தை என்கிறாள்.

"எடை எழுதலியே. கேக்கறவங்க முதல்ல அதைத்தானே கேப்பாங்க?"

மூன்று கிலோ என்று எழுதினேன்.

"இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடுங்க அண்ணி. குண்டாத்தான் இருக்கட்டுமே. குழந்தைதானே, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

மூன்றரை என்று திருத்தினேன். அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். நான் எண்ணை அடித்துவிட்டேன். இப்போது அந்த வாக்கியம் இப்படி இருக்கிறது:

நர்ஸ் சொன்னாள், பெண் குழந்தை, எடை ........ கிலோ.

இதற்கு மேல் எனக்குக் கை ஓடவில்லை. புள்ளி வைத்த இடத்தில் நீங்களே ஓர் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். குறைத்து மட்டும் போட்டுவிடாதீர்கள்.